கிணற்றடி மோட்டரும் விலக்கிவிட்ட ட்ரிப் சுவிட்சும்

ஆறு வருடத்துக்குப் பிறகு கனடாவின் ஸ்காபரோவில் இருந்து யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்குப் போய் ஒரு மாதம் நின்றேன். விமானம், வான், சாப்பாடு எல்லாம் சரி. எனக்குச் சொல்ல இருப்பது கிணற்றடி மோட்டரைப் பற்றித்தான்.

இரண்டாம் நாள் காலை துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனேன். மோட்டர் ஓடியது, தண்ணீர் வரவில்லை. காற்றுப் பிடித்திருக்கும் என்று மூடியில் கை வைத்ததும் தூக்கிப் போட்டது. வெறுங்கால், ஈரச் சீமெந்து. முழங்கை வரை விறைத்துப்போய்த் துவைக்கிற கல்லில் இருந்துவிட்டேன். குசினியில் இருந்து எட்டிப் பார்த்த அம்மா, "அது கொஞ்சம் கிர்ரெண்டும் தம்பி, செருப்புப் போட்டுக்கொண்டு தொட வேணும்" என்றா. அம்மாவுக்கு 74 வயது. தினமும் அதைத்தான் தொடுகிறா.

மீற்றருக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்தேன். ட்ரிப் சுவிட்ச் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி இரண்டு துண்டு வயர் போட்டு, நேரே கரண்ட் கொடுத்து, கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சுவிட்ச் அது. மோட்டர் கசிந்தது, சுவிட்ச் சரியாக விழுந்தது. "அடிக்கடி விழுது" என்று கூப்பிட்டதற்கு வந்தவர் மோட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. விழுகிற சுவிட்சை விலக்கிவிட்டு 3,500 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் அடக்க முடியவில்லை.

ஸ்காபரோவில் பேஸ்மென்ற் கட்டியபோது, கரண்ட் வேலைக்கு ஆளைப் பிடிக்க முன்னமே அவருடைய 7 இலக்க லைசன்ஸ் எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தேன். ஒன்ராறியோவில் அந்த எண் வேலை வண்டியிலும் எழுதியிருக்க வேண்டும். வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபையில் பேர்மிட் எடுத்தார்கள். ஒரு வீட்டில் முன்பு நடந்த வேலைகளின் பதிவையும் காசு கட்டிக் கேட்கலாம். ஊரில் புது இணைப்பு எடுக்கும்போது சோதனை அறிக்கை கேட்பார்கள். அதன் பிறகு மீற்றருக்கு இந்தப் பக்கம் யார் வந்து என்ன செய்தாலும் ஒரு துண்டுக் கடதாசி மிஞ்சாது.

சுவிட்சை விலக்கிவிட்ட அந்த ஆள் வேறு எங்கே வேலை செய்திருக்கிறார் என்று விசாரித்தேன். "எங்கட பெடியன்தான்", "கோயில் திருவிழாவுக்கு அவர்தான் லைற் போடுறவர்" என்றார்கள். என்ன படித்தார் என்று கேட்டால் முகம் சுருங்குகிறது. அதுவும் எனக்கு விளங்காமல் இல்லை. 1990இல் கரண்ட் போய், வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். லைற் எரிந்தால் போதும் என்றிருந்த ஊர். ஆனால் ஈரத் தரையில் நிற்கிற அம்மாவுக்கு அது போதாது.

கடைசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் ஒரு மின்சாமான் கடைக்காரர் இன்னொருவரை அனுப்பினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். நான் வாய் திறக்க முன்னமே பிளாஸ்ரிக் உறையில் இருந்த என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் நிலைச் சான்றிதழை மேசையில் வைத்தார். அப்புறம் ஒரு நீண்ட சிஆர் கொப்பி. வீடு, திகதி, போட்ட வயர், எர்த் அளந்த கணக்கு, வீட்டுக்காரரின் கையெழுத்து, எல்லாம் குண்டு எழுத்தில். "எந்த வீட்டுக்கும் போன் பண்ணிக் கேளுங்கோ அண்ணை" என்றார். இரண்டு வீட்டுக்கு எடுத்தேன். இரண்டு பேரும் பெட்டி மூடியின் உட்பக்கம் அவர் ஒட்டிய கடதாசியை வாசித்துக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தொண்டை அடைத்தது.

எர்த் கம்பியை அவர் இழுத்தார், வயர் உக்கிக் கையோடு வந்தது. முற்றத்தில் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே கல் இடித்ததால், கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாழைப்பாத்தியில் புதுக் கம்பி இறக்கினார். மோட்டரைக் கழற்றி வைண்டிங்குக்கு அனுப்பினார். புது ட்ரிப் சுவிட்ச் போட்டு, மாதம் ஒருமுறை ரெஸ்ட் பொத்தானை அமத்தச் சொல்லி அம்மாவின் விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வேலை. கொப்பியில் நானும் கையெழுத்து வைத்தேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டு மாமியிடம், முந்தி வந்தவர் உங்களுக்கும் வேலை செய்தவரா என்று கேட்டேன். ஓமென்றா. டோர்ச் அடித்துப் பெட்டியைத் திறந்தோம். அதே இரண்டு துண்டு வயர், அதே கறுப்பு ரேப். கொப்பிக்காரருக்கு அங்கே நின்றே போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார், அது வரைக்கும் மோட்டரைத் தொட வேண்டாம் என்று மாமியிடம் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.