நட்டு ஏறினால் வீல் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை: ஆஃப்ரோடு வண்டிக்கு டயர், அலாய் மாற்றுபவர்களுக்கு எச்சரிக்கை

புது டயர், புது அலாய் போட்டுக் கடையிலிருந்து வெளியே வந்த ஒரு 4×4 வண்டி. சில நூறு கிலோமீட்டருக்குள் 80 வேகம் தாண்டினாலே ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. இடது பின் வீலில் இரண்டு நட்டு விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னது: "அலைன்மென்ட் பார்த்துடலாம் சார், சரியாயிடும்." அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதனால் நட்டு கழலாது. நான்கு வீலையும் இறக்கிப் பார்த்தபோதுதான் என்னென்ன செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இவற்றில் ஒன்றுகூட அபூர்வமான தவறு இல்லை. டயர் கடைகளில் அன்றாடம் நடப்பவைதான், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வண்டியின் கம்பெனி அளவுகள். டயர் 265/65 ஆர் 17, ரிம் அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம், வெளிப்பக்கம் என்றால் பிளஸ்) பிளஸ் 30 மி.மீ., ஆறு ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி), பி.சி.டி. (ஸ்டட்டுகளின் மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ., வீல் மாட்டும் ஹப்பின் விட்டம் 106.1 மி.மீ., ஸ்டட் எம்12×1.5 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ.). கேட்டது ஏ.டி. (ரோடு, காடு இரண்டுக்கும் பொதுவான) டயர், ஓட்டம் பெரும்பாலும் தார் ரோடு. கொடுத்தது 285/70 ஆர் 17 எம்.டி. (சேற்றுக்கான) டயர், 9 அங்குல அகலமும் ஆஃப்செட் பூஜ்யமும் உள்ள அலாய். "ஆறு ஸ்டட், அதே பி.சி.டி., அப்படியே உக்காந்துடும்" என்பது விற்றவரின் வாக்கு. உட்காரத்தான் செய்தது.

நட்டு தளர்ந்த கதையைப் பார்ப்போம். கம்பெனி அலாயில் வந்த நட்டுகளுக்கு அடியில் தட்டை வாஷர், அதற்குக் கீழே வீலின் துளைக்குள் இறங்கும் ஒரு குழாய்ப் பகுதி. வாஷர் தட்டையான பரப்பில் அழுந்தும், குழாய்ப் பகுதி வீலை நடுவில் நிறுத்தும். புது அலாயின் துளைகளோ 60 டிகிரி கூம்பு வடிவம். அதற்குக் கூம்பு நட்டு வேண்டும். கடையில் பழைய நட்டையே திருப்பிப் போட்டு, நட்டு இறுக்கும் மெஷின் கன்னால் முடுக்கி அனுப்பிவிட்டார்கள். தட்டை வாஷர் கூம்புத் துளையில் உட்காரும்போது அதன் விளிம்பு மட்டும் ஒரு மெல்லிய வளையமாகத் தொடும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தால்கூட சரியான எண்ணையே காட்டும். ஆனால் அந்த மெல்லிய வளையத்தின் அழுத்தத்தை அலுமினியம் தாங்காது. ஓட ஓட நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் பிடி போகும், நட்டு தளரும். கழற்றிய வீலில் துளையின் வாயைச் சுற்றி நகத்தால் தடவினாலே தட்டுப்படும் ஒரு பளபளப்பான பள்ளம் இருந்தது. சாட்சி அதுதான்.

உதறலும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. இப்படிக் கூம்புத் துளை உள்ள வீலை நடுவில் நிறுத்த இரண்டு வழி உண்டு: நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், அல்லது கூம்பு நட்டுகள் தாமாகவே வீலை நடுவுக்கு இழுக்க வேண்டும். இந்த அலாயின் நடுத்துளை 110 மி.மீ., ஹப் 106.1. சுற்றிலும் ஏறக்குறைய 2 மி.மீ. காலி. இந்தக் காலியை நிரப்பும் ஹப் ரிங் போடவில்லை. கூம்பு நட்டும் இல்லை. ஆக வீல் எங்கே நின்றதோ அங்கேயே முடுக்கப்பட்டது. பேலன்சிங் மெஷினில் வீல் கூம்பில் மாட்டித் தன் மையத்தில் சுற்றுவதால் அங்கே பூஜ்யம் காட்டும், வண்டியில் ஏறியதும் உதறும். "பேலன்சிங் பக்கா, மெஷினே காட்டுதே" என்று அவர்கள் சாதிப்பது இதனால்தான்.

139.7 ஆறு ஸ்டட் என்பது பல கம்பெனிகளுக்குப் பொது. நடுத்துளை பொது இல்லை. டொயோட்டாவின் பிக்கப், எஸ்.யூ.வி.களில் 106.1, ஃபோர்டு ரேஞ்சரில் 93.1, மிட்சுபிஷியில் 67.1. ஐந்து ஸ்டட்டில் இன்னொரு கண்ணி: பி.சி.டி. 114.3-க்கும் 115-க்கும் 0.7 மி.மீ. வித்தியாசம்தான், இழுத்துப் பிடித்து முடுக்கினால் ஏறிவிடும். ஸ்டட் ஒரு பக்கம் வளைந்த நிலையில் வேலை செய்யும், ஒருநாள் முறியும். ஸ்டட்டின் மரையும் எல்லா வண்டிக்கும் ஒன்றில்லை. எம்12×1.5, எம்12×1.25, எம்14×1.5 மூன்றும் சந்தையில் உண்டு. 1.25 மரை ஸ்டட்டில் 1.5 நட்டு முதல் இரண்டு சுற்று கையால் ஏறும், அதற்குமேல் கன் வைத்தால் மரையை அறுத்துக்கொண்டு போகும். அதனால் நட்டு முழுக்கக் கையால் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எம்12×1.5-இல் குறைந்தது 8 முழுச் சுற்று பிடிக்க வேண்டும். அலாயின் அடித்தட்டு தடிமனாக இருந்தாலோ, வீலை வெளியே தள்ளும் ஸ்பேசரை நடுவில் சொருகியிருந்தாலோ இந்தச் சுற்று குறையும். ஸ்டட்டின் மேல் வெறுமனே சொருகும் தட்டு ஸ்பேசர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். கடையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. 7.5 அங்குலம் என்பது 190.5 மி.மீ., பாதி 95. பிளஸ் 30 என்றால் ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளிவிளிம்பு 65 மி.மீ., உள்விளிம்பு 125. புது ரிம் 9 அங்குலம், 228.6 மி.மீ., ஆஃப்செட் பூஜ்யம்: இரண்டு பக்கமும் 114. அதாவது வெளியே 49 மி.மீ. தள்ளியிருக்கிறது, உள்ளே 11 மி.மீ. விலகியிருக்கிறது. பார்க்க அகலமாக, முறைப்பாக நிற்கும். ஃபோட்டோவுக்கு நல்லது. ஆனால் வண்டியின் எடை ஹப் பேரிங்குக்கு வெளியே போய் நெம்புகிறது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் மையத்துக்கும் உள்ள தூரம் மாறுவதால் கல்லில் ஏறும்போது ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளும். முன் டயர் திரும்பும் வட்டமும் பெரிதாகிவிடுவதால் முழு லாக்கில் (ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பிய நிலையில்) மட் ஃபிளாப்பிலும் அதற்குப் பின்னால் இருக்கும் பாடி மவுன்ட்டிலும் உரசும். இந்த வண்டியில் மட் ஃபிளாப் பாதி தேய்ந்து, மவுன்ட்டில் கறுப்புத் தடம் விழுந்திருந்தது.

கடையில் சமதளத்தில், நேராக நிற்கும் வீலைக் காட்டி "விரல் போகுது பாருங்க" என்பார்கள். அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. ஒரு முன் வீலை மேட்டில் ஏற்றி சஸ்பென்ஷன் முழுக்க அழுந்திய நிலையில், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லாக் வரை திருப்பிப் பார்க்க வேண்டும். மற்ற பக்கத்துக்கும் அதேபோல். பழைய வீலிலேயே இந்தச் சோதனையைச் செய்து, எங்கே எத்தனை மி.மீ. இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வாய்ச்சண்டை மிச்சம்.

டயர் அளவுக்கு வருவோம். 265/65 ஆர் 17-இன் விட்டம் 776 மி.மீ., 285/70 ஆர் 17-இன் விட்டம் 831 மி.மீ. ஏழு சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டினால் உண்மையில் 107. ஓடிய தூரமும் குறைத்தே பதிவாகும், சர்வீஸ் தவணை அதற்கேற்ப நழுவும். எல்லா கியரும் ஏழு சதவீதம் உயரமாகிவிட்டது போல வண்டி இழுக்கத் திணறும், பிரேக்குக்கும் வேலை கூடும். இதையெல்லாம்விட மோசம் ஸ்டெப்னி. வண்டிக்கு அடியில் தொங்குவது பழைய அளவு, மாற்றவே இல்லை. ஒரு பெரிய டயர் கிழிந்து இதை மாட்டினால், சுற்றளவில் 171 மி.மீ. வித்தியாசம். பின் அச்சில் போட்டால், இரண்டு வீலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் உழைக்கும். 4×4 போட்டால், தேவைப்படும்போது மட்டும் நான்கு வீலையும் இழுக்க வைக்கும் பார்ட்-டைம் அமைப்பில், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும், கியரை விடுவிக்கவே வராது. ஐந்தாவது டயர் வேண்டாமென்றால், ஸ்டெப்னியோடு ஒத்துப்போகும் அளவுக்குள்ளேயே தேர்ந்தெடுப்பது உத்தமம். ஸ்டெப்னி ரிம்முக்கு எந்த நட்டு பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அலாய்க்கு உள்சாவி போட்டுத் திறக்கும் நட்டு கொடுத்திருந்தால், அந்தச் சாவி வண்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடையின் டூல் பாக்ஸிலேயே தங்கிவிடும் சாவி அது.

"10 ப்ளை டயர் சார், யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது." ப்ளை ரேட்டிங் என்பது உள்ளே இருக்கும் அடுக்குகளின் எண்ணிக்கை இல்லை, பழைய காலத்து அளவீட்டின் மிச்சம். லோடு ரேஞ்ச் சி என்றால் 6, டி என்றால் 8, இ என்றால் 10. பார்க்க வேண்டியது லோடு இண்டெக்ஸ்: 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ, 121 என்றால் 1450. அந்த 1450 கிலோ சைடுவாலில் அச்சிட்டிருக்கும் உச்சக் காற்றழுத்தத்தில் மட்டும்தான். இந்த வண்டியில் லைட் டிரக் வகை டயரைப் போட்டுவிட்டு, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருந்த பழைய 29 பி.எஸ்.ஐ.-யையே அடித்து அனுப்பியிருந்தார்கள். லைட் டிரக் டயர் அதே எடையைச் சுமக்க சாதாரண டயரைவிட அதிகக் காற்று கேட்கும். குறைவாக அடித்தால் சைடுவால் நெளிந்து நெளிந்து சூடேறும், முழு லோடில் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கும் டயர்களின் கதை பெரும்பாலும் இதுதான். டயர் கம்பெனியின் லோடு–காற்றழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான். லோடு ரேஞ்ச் இ டயரில் அதற்குமேல் அடிக்க நேர்ந்தால் உயர் அழுத்த வால்வு வேண்டும்.

தேதி மோசடி இங்கேயும் நடந்திருந்தது. சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும். 1124 என்றால் 2024-ஆம் ஆண்டின் 11-ஆம் வாரம். இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். வெளியே பார்த்தால் நான்கு டயரில் இரண்டில் 1124, மற்ற இரண்டில் ஆண்டே இல்லாத அரைகுறை எண். ஜாக்கி போட்டு உள்பக்கம் பார்த்தால் 4019. வெள்ளை எழுத்து வெளியே வரணும்னு திருப்பினோம் என்று பதில் வந்தது, ஆனால் வெள்ளை எழுத்து நான்கிலும் வெளியே இல்லை. மாட்டும் முன்பே, தரையில் கிடக்கும்போதே, ஐந்து டயரின் இரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். பளபளப்பான பாலிஷ் பூசிய டயரில் பட்டன்களின் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளின்) அடிப்பள்ளத்தை விரித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் முதலில் தெரியும். செகண்ட் ஹேண்ட் டயரை மறுபடி வெட்டி ஆழமாகக் காட்டுவதும் உண்டு. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு 1.6 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அது காணாமல் போயிருந்தாலோ, மேட்டின் உச்சியிலிருந்து பக்கத்துப் பள்ளத்தின் அடி 1.6 மி.மீ.-ஐவிட ஆழமாக இருந்தாலோ கத்தி வேலை செய்திருக்கிறது.

அலாயின் பின்புறத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வார்ப்பில் அகலம், ஆஃப்செட், பி.சி.டி., அதிகபட்ச எடை ஆகியவை பதிந்திருக்க வேண்டும். வண்டியின் பின் அச்சுக்கு அனுமதித்த எடை 1700 கிலோ என்றால் ஒரு வீலுக்கு 850 கிலோவாவது வேண்டும். ஜே.டபிள்யூ.எல். என்பது கார் வீலுக்கான ஜப்பானிய முத்திரை, டிரக் வகைக்கு ஜே.டபிள்யூ.எல்.-டி. இந்த அலாயில் அளவு இருந்தது, எடை எண்ணே இல்லை. சுற்றிலும் போல்ட் தலைகள் வரிசையாக இருந்தன, அதைக் காட்டித்தான் "பீட் லாக்" என்று விற்றிருந்தார்கள். ஒன்றைத் திருகிப் பார்த்தால் வெறும் அலங்காரம். உண்மையான பீட் லாக்கில் தனி வளையம் டயரின் பீட்டை, அதாவது ரிம்மில் உட்காரும் ஓரத்தை, ரிம்மோடு சேர்த்துக் கவ்வும். போலியை நம்பி மணலில் 12 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று நிற்கும்.

பில்லில் "டயர் 4, அலாய் 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். டயரின் முழு அளவு, லோடு இண்டெக்ஸ், ஒவ்வொன்றின் தயாரிப்பு வாரம், அலாயின் அகலம், ஆஃப்செட், நடுத்துளை, நட்டின் வகை எல்லாம் அதில் வர வேண்டும். எழுத மறுக்கும் கடையில் அலாயைக் கையில் எடுக்கவே வேண்டாம். மாட்டும்போது ஹப் முகத்துத் துருவைத் தேய்த்துவிட்டு, வீல் தொங்கும் நிலையில் நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக முடுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச். எம்12 ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வீலைத் திருப்பிக் கொடுக்கும் முன் துளை வாயின் பள்ளம், நட்டின் அடிப்பகுதி, வீலின் பின்புறம், உள்பக்கத் தேதி நான்கையும் நெருக்கத்தில் படம் எடுங்கள். கடை கூம்பு நட்டு வாங்கிக் கொடுத்து அதே வீலிலேயே மாட்டித் தர முன்வரும், ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளம் விழுந்த துளையில் சரியான நட்டும் முழுசாக உட்காராது, அந்த வீலையே மாற்ற வேண்டும். தளர்ந்த நட்டோடு ஓடிய ஹப்பில் ஸ்டட்டுகளும் இழுபட்டிருக்கும். அந்த ஹப்பின் ஆறு ஸ்டட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், செலவு கடையுடையது.