தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார்

வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு தரும் சூர்யா கர் மானியம் 78,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது, அதில் குறையில்லை. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை வருகிறது. மின்சார ஸ்கூட்டர் முழு சார்ஜ் ஏற 3, 4 யூனிட் போதும் என்பதால் பகலிலேயே வண்டியைச் செருகிவிட்டால் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். ஆனால் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். பேட்டரி இல்லாமல் தெரு மின் லைனோடு இணைந்த ஆன்-கிரிட் அமைப்பு அப்படித்தான், பேனல் கரண்ட் லைனுக்குப் போய் கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும், விற்க வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் நம்ம ஏரியா தூசி! துறைமுக லாரிகள் கிளப்பும் புழுதி பேனலில் படிந்து, விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டுகிறது. வெயில் ஏறுமுன் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் சரி. பேனலைத் தாங்கும் ஸ்டாண்டு கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது.