‘கற்றுக்கொள்ளும் எதிரி’ என்று விற்கிறார்களா? 2 மணி நேரம் தாண்டும் முன் சோதித்துவிடுங்கள்

டர்ன் பேஸ்டு ஸ்ட்ராடஜி கேம்களை, அதாவது சதுரங்கம் போல ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை என்று மாறி மாறிப் படைகளை நகர்த்தும் கேம்களை, தனியாக ஆடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 2,499 ரூபாய் கொடுத்து ஏமாந்த விதம் வேறு யாருக்கும் அப்படியே நடக்கக்கூடியது.

நானும் தம்பியும் பல வருடம் ஒரே கணினியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடியவர்கள். அவன் முறை வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும், திரையை எட்டிப் பார்க்கக் கூடாது. வேலை கிடைத்து அவன் புனேவுக்குப் போனபின் எதிரில் ஆள் இல்லாமல் போனது. அதனால்தான் கணினி எதிரி நன்றாக ஆடும் கேமாகத் தேடினேன். இந்த கேமின் விற்பனைப் பக்கத்தில், நம் உத்தியைக் கவனித்துக் கற்றுக்கொண்டு அடுத்த போரில் பதிலடி கொடுக்கும் ஏஐ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். கேமின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே வார்த்தைகளில் இன்னும் பல கேம்கள் விற்கிறார்கள், சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதல் நாள் பயிற்சிப் பகுதிக்கே ஒன்றேகால் மணி நேரம் போனது. அப்புறம் ஊர் அமைப்பது, சுற்றுப்புறத்தைத் தேடுவது, வயலும் சுரங்கமும் கட்டுவது என்று நாற்பது முறை வரை போரே கிடையாது. முதல் சண்டை வந்தபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நான் வாங்கிய கடையில், வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் ரீஃபண்ட். எதிரியின் லட்சணம் தெரியவரும்போது அந்தக் கதவு மூடியிருந்தது.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இருபது யூனிட்டுகளோடு, அதாவது தனித்தனியாக நகர்த்தும் படைப் பிரிவுகளோடு, எதிரி என் எல்லை ஆற்றங்கரைக்கு வந்தான். என்னிடம் இருந்தது ஆறு வில்லாளிகள், ஒரு ஒற்றன் குதிரை. பயத்தில், ஒரு யோசனையும் இல்லாமல், குதிரையை ஓரத்துக் காட்டில் நிறுத்தினேன். மொத்தப் படையும் நகரை விட்டுவிட்டுக் குதிரையை நோக்கித் திரும்பியது. அடுத்த முறையில் குதிரையை இரண்டு கட்டம் பின்னால் எடுத்தேன், பின்னாலேயே வந்தார்கள். சதுப்பு நிலத்தைச் சுற்றி ஆறு முறை இழுத்துப் போனேன். மதில் மேலிருந்து என் வில்லாளிகள் அம்பு எய்துகொண்டே இருந்தார்கள். பாதி உயிர் போன யூனிட்டைக்கூட அவன் பின்னால் எடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதே குதிரை, அதே காடு, அதே முடிவு. மூன்றாவது ஆட்டத்திலும் அதேதான். கற்றுக்கொள்ளும் ஏஐ என்றார்களே, மூன்று முறை ஒரே குழியில் விழுந்தால் அது எதைக் கற்றுக்கொண்டது?

தீவுகள் உள்ள வரைபடத்தில் நிலைமை இன்னும் மோசம். வீரர்களைக் கப்பலில் ஏற்றுவான், ஆனால் துணைக்கு ஒரு போர்க்கப்பல்கூட வராது. நான் ஒரே ஒரு போர்க்கப்பலை வைத்து வந்ததையெல்லாம் மூழ்கடித்தேன். சமாதானப் பேச்சிலும் ஓட்டை இருந்தது. கஜானாவில் இருப்பதையெல்லாம் கொடுத்துப் பத்து முறைக்குச் சமாதானம் வாங்குவான். அது முடிந்ததும் நான் மறுபடி போர் அறிவித்தால் மறுபடி கொடுப்பான்.

சரி, கடினமான லெவலில் மாறும் என்று நினைத்து ஏற்றினேன். படை சீக்கிரம் வந்தது, இரண்டு மடங்காக வந்தது, ஆனால் அதே குதிரையைத்தான் துரத்தியது. சந்தேகம் வந்து கேமின் ஃபோல்டரில் இருந்த லெவல் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். எதிரிக்கு எல்லாவற்றுக்கும் விலை 60 சதவீதம்தான், தொடக்கத்திலேயே மூன்று நகரங்கள், வரைபடம் முழுக்கத் திறந்திருக்கிறது. எல்லா லெவலுக்கும் ஒரே மூளை, கையில் இருக்கும் காசும் ஆளும்தான் வேறு.

எதிரிக்குச் சலுகை கொடுப்பதையே நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. 2016இல் வந்த சிவிலைசேஷன் 6 என்ற இதே வகை கேமில் பிரின்ஸ் என்ற நடு லெவலில் இருவருக்கும் சமநிலை. உச்சமான டெய்ட்டி லெவலில் கணினிக்குக் கூடுதலாகப் புது நகரம் அமைக்கும் இரண்டு குடியேறிகள், உற்பத்தியிலும் தங்கத்திலும் 80 சதவீதம் அதிகம், சண்டை பலத்தில் 4 புள்ளி அதிகம். ஆடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டேதான் மோதுகிறார்கள். சலுகையை அறிவு என்று பெயர் மாற்றி விற்பதுதான் தவறு.

இந்த வகை கேமுக்கு நல்ல எதிரியை எழுதுவது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய்தான் நகரும், பெரும்பாலும் முப்பது நாற்பது வழிகளுக்குள் தேர்ந்தெடுக்கலாம். 1997இல் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினி அதை நொடிக்கு 20 கோடி நிலைகள் வரை அலசியது. இங்கே ஒரே முறையில் எல்லாப் படையும் நகரலாம். பத்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் இருபது வழி என்று வைத்தால் அந்த ஒரு முறைக்கே 10 லட்சம் கோடிக்கும் மேல் சேர்க்கைகள். 2005இல் வந்த சிவிலைசேஷன் 4இல் ஒரே கட்டத்தில் படைகளை அடுக்க முடிந்தது, கணினி கூட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தாலே நமக்கு ஆபத்து. 2010இல் ஐந்தாம் பாகம் அறுகோணக் கட்டத்தையும் ஒரு கட்டத்துக்கு ஒரு போர் யூனிட் என்ற விதியையும் கொண்டுவந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று நிறுத்துவதே போர் என்றானதும் கணினி தடுமாறியது. ஆனால் அதே கேமுக்கு ரசிகர்கள் செய்த வாக்ஸ் பாபுலி என்ற மோடில் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பு) அந்த எதிரி எவ்வளவோ நன்றாகச் சண்டை போடுகிறான். உழைத்தால் முடியும் என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

பணம் திரும்பக் கேட்டு எழுதினேன். ஆடிய நேரம் அதிகம் என்று கடை மறுத்தது. கேம் தயாரித்தவர்களுக்கு மூன்று ஆட்டங்களின் சேவ் ஃபைலையும் அனுப்பினேன். இன்னும் கடினமான லெவலை முயன்று பார்க்கச் சொல்லி இரண்டு வரி பதில் வந்தது. அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பயிற்சிப் பகுதியில் நேரத்தை விடாதீர்கள், அதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். மெனுவில் சும்மா நின்றாலும் நேரம் ஓடும். சிறிய வரைபடம், சலுகை இல்லாத நடு லெவல், பக்கத்திலேயே ஒரு எதிரி என்று தொடங்கி, கிடைத்த படையோடு உடனே போருக்குப் போங்கள். பலவீனமான ஒரு யூனிட்டைத் தனியாக நிறுத்திப் பாருங்கள். படையே அதன் பின்னால் வருகிறதா, அடிபட்டவனைப் பின்னால் எடுக்கிறானா என்பது நாலைந்து முறைகளில் தெரிந்துவிடும். நேரம் மிஞ்சினால் தீவு வரைபடத்தில் அவன் கரையிறங்குவதையும் பாருங்கள். ரிவ்யூக்களில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் எழுதிய பாராட்டு பெரும்பாலும் முதல் போருக்கு முன் எழுதியதாகத்தான் இருக்கும்.

நானும் தம்பியும் இப்போது வெஸ்நாத் என்ற இதே வகை கேமை ஆடுகிறோம், இலவசம்தான். இரவு ஒன்பதுக்கு மேல் இணையத்தில் சேர்ந்துகொள்வான். அவனிடம் குதிரைத் தந்திரம் ஒரு தடவைகூடப் பலிக்கவில்லை.

அந்த விற்பனைப் பக்கத்தில் அதே வரி இன்னும் இருக்கிறது. இப்படி ஒன்றை வாங்கி 14 நாள் முடியாதவர்கள் இருந்தால், ஆடிய நேரம் எவ்வளவு காட்டுகிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.