எனோக்கியா, சிப்பிக் காளானா?

சிங்கப்பூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு வருடமாக எனோக்கி என்ற, நூல் போல நீண்ட வெள்ளைக் காளான்தான். அதற்கு முன்பு சிப்பிக் காளான் வாங்கிக்கொண்டிருந்தோம். சத்தைப் பார்த்து மாறவில்லை. 100 கிராமுக்கு இரண்டும் 35 கலோரியை ஒட்டித்தான் வரும். புரதம் சிப்பியில் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, எனோக்கியில் கொஞ்சம் கீழே. நார்ச்சத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. சிப்பிக் காளானைச் சனிக்கிழமை ஈரச்சந்தையில் வாங்கினால் திங்கட்கிழமை ஓரமெல்லாம் மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுக்கும். பாதியைக் கொட்டிய வாரங்கள் உண்டு. எனோக்கி, காற்றை உறிஞ்சி ஒட்டிய பையில் அடிக்கட்டையோடு கொத்தாக வரும். பிரிக்காமல் வைத்தால் ஒரு வாரம் ஆனாலும் வெள்ளை மாறாது. வாரநடுவில் வேலை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவளுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஃபிரிட்ஜை நம்பி அசட்டையாக இருக்கவும் கூடாது. லிஸ்டீரியா கிருமி அந்தக் குளிரிலும் பெருகும். 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் கொரியாவிலிருந்து வந்த எனோக்கியால் 36 பேருக்கு நோய் வந்தது, நான்கு பேர் இறந்தார்கள். அதனால் பச்சையாகச் சாலட்டில் தூவுவது எங்கள் வீட்டில் இல்லை. மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டில் சும்மா முக்கி எடுப்பதும் இல்லை. கொதிக்கிற சூப்பில் நன்றாக வெந்த பிறகுதான் தட்டுக்கு வரும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். பையைப் பிரித்தால் அன்றே தீர்த்துவிடுவேன்.

அடியில் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை நார் நாராகப் பிரித்து, குட்டையாக நறுக்கி, சோயா சாஸும் மிரினும் (ஜப்பானியச் சமையலில் சேர்க்கும் இனிப்பான அரிசி மது) ஊற்றிக் கொதிக்க விடுங்கள். சில நிமிடத்தில் சாறு கெட்டியாகிக் கொழகொழவென்று வரும். ஜப்பானில் நமேத்தாகே என்று சுடுசோற்றின் மேல் போட்டுச் சாப்பிடுவது இதைத்தான். தயிர்ச் சோற்றுக்கும் அருமையாக இருக்கிறது. கொரியர்கள் முட்டையில் தோய்த்துத் தட்டையாகச் சுடுவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மிளகு ரசத்தில் கடைசியில் போட்டு இரண்டு கொதி விட்டால், நூடுல்ஸ் மாதிரி மென்று சாப்பிடலாம்.

தேங்காய் அரைத்த குழம்பு என்றால் சரி, சிப்பிதான். எனோக்கி அதில் நூலாகத் தொலைந்துபோகும். பிரியாணியில் போட்டுப் பார்த்ததில்லை. மிளகு வறுவலுக்கு இப்போதும் சிப்பிக் காளான்தான் வாங்குகிறேன், சமைக்கிற அன்று காலையில்.