எலும்புத் தேய்வுக்கு வார மாத்திரையா, வருடத்துக்கு ஒரு டிரிப்ஸா?

மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்வதற்குக் கால்சியம் குறைவு மட்டும் காரணமில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்புக்குள் குளூட்டாதயோன் போன்ற பாதுகாப்புப் பொருட்களும் குறைகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜன் கழிவுகளால் செல்களுக்கு வரும் சேதம், ஏறுகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் பெருகுகின்றன, கட்டும் செல்கள் சீக்கிரம் மடிகின்றன. இதைக் கேள்விப்பட்டு கோத்தகிரியில் என் வயதுக்காரர்கள் சிலர் அந்தச் சேதத்தைத் தடுக்க என்று ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்குகிறார்கள். அதனால் எலும்பு முறிவு குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நெல்லிக்காய், கீரை, ராகி எல்லாம் நல்லதுதான். ஆனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 வரை இறங்கிவிட்டால் அவை மட்டும் போதாது.

எனக்கு இறங்கிவிட்டது. டாக்டர் இரண்டு வழி சொன்னார்: வாரம் ஒரு 70 மி.கி. அலென்ட்ரோனேட் மாத்திரை, அல்லது வருடத்துக்கு ஒரு முறை 5 மி.கி. சோலெட்ரோனிக் அமிலம் டிரிப்ஸ். ஒரே வகை மருந்து. இரண்டுமே முதுகெலும்பு, இடுப்பு முறிவைக் குறைப்பவை. நான் டிரிப்ஸ் போட்டுக்கொண்டேன்.

காரணம் காலை டீ. மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் டீ, காபி, பால் எதுவும் கூடாது. ஒழுங்காக விழுங்கினாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து; டீயோடு போனால் அதுவும் வீண். படுக்கவும் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். மார்கழியில் சூடான டம்ளரைப் பிடித்த பிறகுதான் விரல் மடங்கும் ஊர் இது. நான் மாத்திரை எடுத்ததில்லை, அக்கா எடுப்பதைப் பார்த்துச் சொல்கிறேன்: டீ அடுப்பில் கொதிக்கும்போது மாத்திரை மறந்துபோகிறது, வாரங்கள் விட்டுப்போகின்றன.

டிரிப்ஸ் கால் மணி நேரமாவது ஏறும். மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. பாராசிட்டமால் போட்டதும் ஓரிரு நாளில் சரியானது. ஆனால் முன்கூட்டியே ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் ரொம்பப் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு, எனக்கு அதில் அனுபவமில்லை. அதில் தவணை தள்ளிப்போனால் சேர்ந்த எலும்பு வேகமாகக் கரையும், முதுகெலும்பு முறியவும் கூடும். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோயம்புத்தூர் போக முடியாத நமக்கு அது பயம்தான். சோலெட்ரோனிக் எலும்பிலேயே நெடுநாள் தங்கும். சில வாரம் பிந்தினாலும் பெரிய பாதகமில்லை.