கார் இன்ஜின் ஏற்றிய ஆறு சக்கர நீர்நில வண்டி: 37 குதிரைத்திறன் என்ற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள்

"25 குதிரைத்திறன் இன்ஜினைக் கழற்றிவிட்டு 37 குதிரைத்திறன் கார் இன்ஜின் ஏற்றித் தருகிறோம், மேட்டிலும் தண்ணீரிலும் பறக்கும்." ஒரு பட்டறை இப்படிச் சொல்லித்தான் இந்த வேலையைப் பிடித்தது. வண்டி ஆறு சக்கரம், பாலிஎத்திலீன் உடல், ஒரு பக்கச் சக்கரங்களைப் பிரேக் பிடித்துத் திரும்பும் ரகம். உள்ளே இருந்தது காற்றில் குளிரும் வி-ட்வின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட இன்ஜின். அதன் இடத்தில் வந்தது 796 சிசி மூன்று சிலிண்டர் சுசுகி, கார்புரேட்டர் இன்ஜின். ஒப்படைத்த அன்று ஸ்டார்ட் ஆனது, முற்றத்தில் முன்னும் பின்னும் ஓடியது. தண்ணீரில் இறக்கிக் காட்டுங்கள் என்றதற்கு "சிலிகான் இன்னும் காயவில்லை" என்று பதில் வந்தது. நீரில் மிதக்க வேண்டிய வண்டியின் அடிப்பக்கத்தில் சிலிகானுக்கு என்ன வேலை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவை கீழே. இதே வேலையைப் பல இடங்களில் ஏறக்குறைய இதே தவறுகளோடு செய்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு விவரம்.

முதலில் அந்த 37. அது பொய்யான எண் அல்ல, சுமார் 5,000 ஆர்பிஎம்மில் அந்த இன்ஜின் அதைத் தரும். ஆனால் இந்த வண்டிகளில் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருப்பது பெல்ட்டில் ஓடும் சிவிடி, அதாவது இரண்டு புல்லிகள் அகன்றும் சுருங்கியும் கியர் விகிதத்தைத் தானே மாற்றும் அமைப்பு. அதன் டிரைவர் கிளட்ச்சில் (இன்ஜின் பக்கப் புல்லியில்) உள்ள எடைகளும் ஸ்பிரிங்கும் வேகத்தை 3,600 ஆர்பிஎம்மில் கவர்னர் பிடித்து நிறுத்தும், கழற்றிய வி-ட்வின் போன்ற தொழிற்சாலை இன்ஜினுக்காக அமைக்கப்பட்டவை. கார் இன்ஜினை அதே கிளட்ச்சோடு பூட்டினால், வேகம் ஏறுவதற்குள் கிளட்ச் முழுதாக மூடி இன்ஜினை 3,500 பக்கத்திலேயே அமுக்கி வைக்கும். அந்த இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 2,500 ஆர்பிஎம்மில் சுமார் 59 நியூட்டன் மீட்டர். 3,500-இல் 56 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 20.5 கிலோவாட், அதாவது 28 குதிரைத்திறனுக்குள். பழைய இன்ஜின் 3,600-இல் 25 கொடுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வெட்டி ஒட்டியதற்கும் கிடைத்த லாபம் மூன்றே குதிரை. கிளட்ச்சைத் தொடாமல் "37" என்று சொல்பவர் கணக்குத் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்.

கிளட்ச்சை மாற்றினால்? ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) வகை டிரைவர் கிளட்ச் போட்டு, எடை, ஸ்பிரிங் இரண்டையும் 5,000-க்கு அமைக்கலாம். அப்போது கியர்பெட்டி உள்ளீடும் அதே விகிதத்தில் வேகமாகச் சுற்றும், செயின்கள் சூடாகும். முதல் ஸ்பிராக்கெட் விகிதத்தைக் குறைத்தால்தான் சரிப்படும். தண்ணீரில் எப்படியும் பயனில்லை. டயரின் முட்களே துடுப்பு, அது கொடுக்கும் வேகம் நடக்கிற வேகம்தான். அதற்கு மேல் முறுக்கினால் நுரைதான் வரும்.

அடுத்தது அடாப்டர், கார் இன்ஜினையும் டிரைவர் கிளட்ச்சையும் இணைக்கும் துண்டு. இந்த வேலையின் உயிர்நாடி அதுதான், பட்டறைகள் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். வி-ட்வினில் கிராங்க் தண்டே வெளியே நீண்டிருக்கும், பெல்ட் பக்கவாட்டில் இழுப்பதைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். கார் கிராங்க்கின் முனையில் இருப்பது போல்ட் துளைகள் கொண்ட ஒரு தட்டை முகம் மட்டுமே. அதில் ஒரு குட்டைத் தண்டு பொருத்தித்தான் டிரைவர் கிளட்ச்சை மாட்ட முடியும். முறையாகச் செய்தால் தண்டையும் அதன் தட்டையும் ஒரே எஃகுக் கட்டையிலிருந்து கடைய வேண்டும். கிராங்க் நடுவில் உள்ள குழிக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு மேடு வேண்டும், அதுதான் மையத்தைப் பிடிக்கும். போல்ட்டுகள் மையம் பிடிக்காது, இறுக்க மட்டுமே செய்யும். பூட்டிய பிறகு தண்டின் நுனியில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மிமீ-க்குள் இருக்க வேண்டும்.

இந்த வண்டியில் ஃபிளைவீலின் நடுவில் ஒரு தண்டை நிறுத்திச் சுற்றிலும் வெல்டிங் வைத்திருந்தார்கள். ஆட்டம் 0.4 மிமீ. சின்ன எண்ணாகத் தெரியும். ஐந்து கிலோ கிளட்ச் மையத்திலிருந்து அதில் பாதி, 0.2 மிமீ விலகி 3,600 ஆர்பிஎம்மில் சுற்றினால், 14 கிலோவுக்குச் சமமான விசை வினாடிக்கு 60 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கும். முதலில் பின் ஆயில் சீல் கசியும், அந்த ஆயில் பெல்ட்டில் தெறிக்கும், பெல்ட் வழுக்கிக் கருகும். "பெல்ட் தரமில்லை" என்று பட்டறை சொன்னது இதைத்தான். கடைசியில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். கழற்றியபோது பாதிச் சுற்றுக்கு மயிரிழைக் கோடு ஓடியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் அந்த ஐந்து கிலோ இரும்பு ஓட்டுபவரின் முழங்காலை நோக்கிப் புறப்பட்டிருக்கும். பெல்ட்டுக்கு மேல் மூடியும் போடவில்லை.

சுழலும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார் இன்ஜின்கள், ஃபிளைவீல் பக்கம் நின்று பார்த்தால், தொழிற்சாலை இன்ஜினைப் போலவே இடஞ்சுழி. ஆனால் பழைய ஹோண்டா கார் இன்ஜின்கள் பல எதிர்த்திசையில் சுற்றும். இடம் போதவில்லை என்று டைமிங் பக்கத்திலிருந்து பெல்ட் எடுத்தாலும் திசை மாறிவிடும். முன்பக்கம் இரண்டு கியரும் பின்னால் ஒன்றும் இருந்த வண்டியில், பின்னால் இரண்டும் முன்னால் ஒன்றுமாகிவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற கதை.

மவுண்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு செய்யலாம். மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே நீளவாக்கில் ஆடும், அதை நேராகச் சட்டத்தில் முடுக்கினால் போல்ட்டுகள் தளரும், பிளாஸ்டிக் உடல் அதிரும். காரில் இருந்த மெத்தென்ற ரப்பரில் வைத்தாலோ பெல்ட் இழுக்கும்போதெல்லாம் இன்ஜின் கியர்பெட்டிப் பக்கம் சாய்ந்து, இரண்டு புல்லிக்கும் நடுவிலான தூரம் மாறும். சிவிடி பெல்ட் அதில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பொறுக்காது. இன்ஜினையும் கியர்பெட்டியையும் ஒரே துணைச்சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை ரப்பரில் உட்கார வைப்பதுதான் வழி. இங்கே ரப்பர் இருந்தது, துணைச்சட்டம் இல்லை.

இனி எடை. கழற்றிய இன்ஜின் 43 கிலோ. ஏற்றிய இன்ஜின், ஃபிளைவீல், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், தண்ணீர், பெரிய பேட்டரி, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து 112. கூடுதல் 69 கிலோ. நீர்மட்டத்தில் உடல் 2.2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்றால் 26 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஆக வண்டி முழுக்க இரண்டரை சென்டிமீட்டர் கீழே போய்விட்டது. டயர்களின் மிதப்பு இதைக் கொஞ்சம் குறைக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை சாய்வு. எடை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்க விளிம்பு இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் தாழ்ந்தது. அதே பக்கத்தில் ஆள் உட்கார்ந்து, வண்டி திரும்பி, ஒரு சின்ன அலையும் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உடலில் எழுதியிருக்கும் நீர்ச்சுமை அளவு பழைய இன்ஜினுக்கானது. கூடின எடையை அதிலிருந்து கழித்துவிட வேண்டும், அதாவது ஒரு ஆள் குறைந்தார்.

ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வண்டியின் தரையில் இடித்ததால் 55 மிமீ வெட்டி, தட்டை ஒட்டி மூடியிருந்தார்கள். சம்பை வெட்டுவதே குற்றமல்ல. உயரத்தில் குறைத்ததை அகலத்தில் கொடுக்க வேண்டும், உள்ளே தடுப்புத் தகடு வைக்க வேண்டும், ஆயிலை உறிஞ்சும் வலைவாயான ஸ்ட்ரெய்னருக்கும் சம்பின் அடித்தளத்துக்கும் நடுவில் 6 முதல் 10 மிமீ இடைவெளி விட வேண்டும். இங்கே இடைவெளி 3 மிமீ, தடுப்பு இல்லை, கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கார் ஏறாத மேட்டையெல்லாம் இந்த வண்டி ஏறும், அதுவும் மெதுவாக, நிமிடக்கணக்கில். 30 டிகிரி சரிவில் ஆயில் ஒரு ஓரமாக ஒதுங்கி ஸ்ட்ரெய்னர் காற்றைக் குடிக்கும். கார் இன்ஜினின் பேரிங்குகள் முழுக்க ஆயில் அழுத்தத்தை நம்பியவை, சில வினாடி வறண்டாலே கீறல் விழும். எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பாமல் அழுத்த மீட்டர் கேளுங்கள்.

ரேடியேட்டரை முன்மூடியின் கீழ், சிலிண்டர் ஹெட்டைவிடத் தாழ்வாகப் படுக்க வைத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் வாயும் தாழ்வு. எனவே எவ்வளவு ஊற்றினாலும் ஹெட்டில் காற்று தங்கும். இதில் ஒரு நயவஞ்சகம் உண்டு: வெப்ப சென்சார் தண்ணீரில் இல்லாமல் அந்தக் காற்றுப் பையில் இருந்தால் மீட்டர் சமத்தாகவே காட்டும். ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும். எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் 0.9 பார் மூடியோடு ஒரு தனித் தொட்டி, தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து அதற்கு 8 மிமீ ஹோஸ் ஒன்று. இவ்வளவுதான் வேண்டியது. சூடான காற்று வெளியேறவும் வழி வேண்டும், அது நீர்மட்டத்துக்கு நன்கு மேலே இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஃபேன் காற்றை உடலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அனுப்பியது.

அதிகம் பயமுறுத்தியது பெட்ரோல். செங்குத்தாக ஏறும்போது கார்புரேட்டர் மிதவை நிலை தவறி, பெட்ரோல் வழிந்து உடலின் அடியில் சேரும். காரில் அது தரையில் சொட்டிப் போய்விடும். இது படகு, கீழே ஓட்டை கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். இன்ஜின் அறையில் 300 லிட்டர் வெற்றிடம் இருந்தால், ஆவியான 25 மில்லி பெட்ரோல் போதும். அந்த ஆவிக்கு நடுவில் கார் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும், உள்ளே பொறி பறக்க. படகுகளில் பொறி வெளியே வராத வகை செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் கட்டாயம் என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. குறைந்தபட்சம் காற்று உறிஞ்சி வெளியேற்றும் ஊதுவான் ஒன்றைப் போட்டு, செல்ஃப் அடிக்கும் முன் நான்கு நிமிடம் ஓட விட வேண்டும். சைலன்சர் குழாய் பாலிஎத்திலீன் சுவரிலிருந்து மூன்று விரற்கடை தூரத்தில் போயிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் 130 டிகிரியில் உருகும், குழாய் அதைப் போல மூன்று நான்கு மடங்கு சூடு. சுவர் ஏற்கெனவே அலை அலையாக இளகியிருந்தது.

சிலிகான் கதைக்கு வருவோம். சம்ப் இன்னும் இடித்ததால் அடித்தளத்தில் ஓட்டை போட்டு, மேலே தகடு வைத்துச் சிலிகானால் அடைத்திருந்தார்கள். பாலிஎத்திலீனில் சிலிகானும் ஒட்டாது, ஃபைபர் பிசினும் ஒட்டாது. அதே பிளாஸ்டிக் கம்பியால் சூடான காற்றில் வெல்டிங் செய்வது ஒன்றே வழி. பழைய சில வண்டிகளின் உடல் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக், அதில் பசை பிடிக்கும், ஆனால் இது அதல்ல. மேலும் அடித்தண்ணீரை இறைக்கும் பம்ப் இருந்த இடத்தில் இப்போது சம்ப் இருக்கிறது. பம்ப்பைத் திருப்பி மாட்டவே இல்லை. கேட்டதற்கு "தண்ணீர் வராதே, பம்ப் எதற்கு" என்றார்கள்.

இந்த வேலைக்கு யாரிடமாவது வண்டியை விடுவதாக இருந்தால், கடைசித் தவணையைத் தண்ணீரில் வைத்துக் கொடுங்கள். முழு ஆள் சுமையோடு அரை மணி நேரம் மிதக்க விட்டு, நான்கு மூலையிலும் விளிம்புக்கும் நீருக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். கரையேறியதும் அடியில் எத்தனை லிட்டர் சேர்ந்தது என்று பாருங்கள். அச்சு சீல் வழியாகக் கால் லிட்டர் வருவது சகஜம், வாளி கணக்கில் வந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள். பிறகு நீளமான சரிவில் முதல் கியரில் பத்து நிமிடம், ஆயில் மீட்டரில் கண் வைத்து. அடாப்டரை வெளியே தெரியக் காட்டச் சொல்லுங்கள், டயல் கேஜ் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். தயங்கினால் வெல்டிங்தான்.

கழற்றிய வி-ட்வினை மட்டும் பட்டறையில் விட்டுவிடாதீர்கள். "பழைய இரும்பு, நாங்களே கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். இங்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த இன்ஜின், அதன் டிரைவர் கிளட்ச், அடித்தட்டு, வயரிங் நான்கும் கையில் இருந்தால் ஒரு வார இறுதியில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த வண்டியில் அடித்தளத்தை வெல்டிங் செய்து மூடியாயிற்று, பம்ப் மாட்டியாயிற்று, உள்ளே வைக்கத்தான் இன்ஜின் இல்லை.