தலாஷா, ராமன் ராகவ் 2.0-வா?

தாராவியில் எங்கள் நண்பர்கள் ஞாயிறுதோறும் படம் பார்ப்போம். இந்த வாரம் மும்பையின் இந்த இரண்டு இந்திப் படங்களுக்கு நடுவேதான் போட்டி. 'நம்மைப் போன்றவர்களை எது ஒழுங்காகக் காட்டுகிறது?' என்பதுதான் கேள்வி.

பெண்கள்: தலாஷ் (2012) ரீமா காக்தி இயக்கியது, கதையில் ஜோயா அக்தரும் உண்டு. பாலியல் தொழிலாளி செத்தால் ஏனென்று கேட்க ஆளில்லை என்ற வலிதான் படத்தின் உயிர். அனுராக் காஷ்யப்பின் ராமன் ராகவில் (2016) பெண்கள் பெரும்பாலும் அடிபடுகிறார்கள், சாகிறார்கள். கொலைகாரனின் தங்கையாக வரும் அம்ருதா சுபாஷின் முகத்தில் தெரியும் பயம் மட்டும் மறக்கவே மறக்காது.

ஏழைகள்: தலாஷில் காலை இழுத்து இழுத்து நடக்கும் தைமூராக நவாசுதீன் சித்திக். அவனுக்கும் ஆசை, பேராசை, காதல் எல்லாம் உண்டு. ராமன் ராகவில் அவரே குடிசைகளுக்குள் திரியும் கொலைகாரன். குடிசை என்றாலே கொலையா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதே வெறி போலீஸ்காரனுக்குள்ளும் இருப்பதைக் காட்டியது நேர்மை.

மனவலி: மகனைப் பறிகொடுத்த பெற்றோரின் துக்கத்தைத் தலாஷ் பொறுமையாகச் சொல்கிறது. மற்றதில் அந்தப் பொறுமை இல்லை.

அம்மா, அக்காவோடு உட்கார்ந்து பார்க்க தலாஷ். 'ஏ' சான்றிதழ் படமான ராமன் ராகவ், பார்த்துவிட்டு விடிய விடிய விவாதிக்க நினைக்கும் பெரியவர்களுக்கு. இந்த ஞாயிறு என் ஓட்டு தலாஷுக்கு.